ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே

சித்திரை பிறந்தால் நம் கல்லூரியில் தேர்வுக் காய்ச்சல். எங்கள் வீட்டில் வேர்க்குரு. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேருகின்றன. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் ‘பெண் விடுதலை’ என்றும் ‘இளைஞர் சக்தி’ என்றும் தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். அவை பெரிய தலைப்புகள். எனக்கு வாய்த்தவன் பத்தொன்பது மாதப் பையன் ஒருவன். என் அண்ணன் மகன். அவனைப் பற்றி எழுதினால் மலரின் தரம் குறைந்துவிடுமோ என்று மலர்க்குழுவினர் ஐயுற வேண்டாம். ஒரு கோடைப் பகல் முழுதும் ஒரு குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி, நான் படிக்கும் பொருளியலில் வரும் எந்தக் கேள்விக்கும் இளைத்ததன்று என்பது என் கருத்து.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை அது. காலட்பேட்டை நம்மவர் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இந்தப் பழங்கதை இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். தறி வீட்டுக்குள் இருந்த காலத்தில் தூளியும் அதே வீட்டுக்குள்தான் தொங்கியிருக்கும். தார் சுற்றுகிறவள் நடுநடுவே தூளியையும் ஒரு கை ஆட்டிவிட்டிருப்பாள். பின்னாளில் தறி போய் ஆலை வந்தது. தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், டயர், லாரி, உரம், பெட்ரோல் என்று திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேலை வீட்டை விட்டு வெளியே போயிற்று. பிள்ளை மட்டும் வீட்டிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷினில் இருக்கிறார். காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வரும். திரும்பி வர இரவு ஏழு. அண்ணனுக்கு ஷிப்டு வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மா, அதாவது பையனுக்கு ஆயா, இரண்டு வீடுகளில் சமையல் முடித்து வரப் பகல் ஒன்றரை ஆகும். மிச்சம் இருப்பது நான். “உனக்கு ஸ்டடி லீவுதானே” என்பார்கள். ஸ்டடி என்ற சொல் யார் காதிலும் விழுவதில்லை. லீவு என்ற சொல்தான் விழுகிறது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அண்ணி காலையில் புறப்படும்போது பையன் கண்ணில் படாமல் பின்பக்கமாகத்தான் போவார். “அவன் அழறது காதுல வுழுந்துச்சுன்னா அன்னிக்கு முழுக்க எனக்குக் கையே ஓடாதும்மா” என்றார் ஒரு நாள். துணி தைக்கிற கைக்கும் அழுகிற பிள்ளைக்கும் உள்ள இந்தத் தொடர்பை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஏழரை முதல் ஒன்றரை வரை ஆறு மணி நேரம். எட்டு மணிக்கே சிமெண்ட் ஷீட்டுக் கூரை சூடேறத் தொடங்கிவிடும். பையன் அந்த வேளையில் நல்ல குஷியில் இருப்பான். இட்லி மூன்று வாய் உள்ளே போகும், நாலாவது வாய் தரைக்குப் போகும். பிறகு ஊர்வலம்: அடுப்படி, வாசற்படி, செருப்பு, மறுபடி அடுப்படி. ஒன்பதரைக்கு மேல் சட்டையைக் கழற்று என்று அடம். பத்து மணிக்கு உடம்பில் அரைஞாண் கயிறு மட்டும் இருக்கும். கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்திருக்கும். அதற்குச் சந்தனம் பூச வேண்டும் என்பது ஆயா கட்சி, பவுடர் போட வேண்டும் என்பது அண்ணி கட்சி. சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்துவிட்டு, இரண்டும் வேண்டாம், மெல்லிய பருத்தித் துணியும் ஈரத்துணியால் ஒற்றியெடுப்பதும் போதும் என்றார். அன்று முதல் வீட்டில் மூன்று கட்சிகள்.

பத்தரைக்கு நுங்கு வண்டி வரும். இளநுங்கைக் கட்டைவிரலால் தோண்டி உறிஞ்சுவது நமக்குத் தெரிந்த முறை. அவன் முறை வேறு. ஐந்து விரலையும் உள்ளே விட்டு, எடுத்ததில் பாதியைத் தன் வயிற்றிலும் மீதியை என் தேசிய வருமானப் புத்தகத்திலும் தடவுவான். பேராசிரியர் பிகு 1920இல் எழுதிய நூலில் ஒரு வேடிக்கை வருகிறது. ஒருவர் தம் வீட்டு வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுமாம்! வேலை அதேதான், சம்பளம் நின்றுவிட்டதால் அது வருமானக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்தோம். புத்தகத்தில் நுங்குச்சாறு வழிந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தமிழ் வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தியபோது பேராசிரியர் பத்துப் பருவங்களையும் மாதக் கணக்கோடு சொன்னார். மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. ஆண்பிள்ளை என்றால் பதினேழில் சிற்றில், பத்தொன்பதில் சிறுபறை, இருபத்தொன்றில் சிறுதேர். அந்தக் கணக்குப்படி எங்கள் பையன் இப்போது சிறுபறைப் பருவத்தில் இருக்கிறான். உண்மைதான், கரண்டியால் தட்டை அடிக்கிறான், தட்டால் கதவை அடிக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக வாசலில் இருக்கும் நீல நிறத் தண்ணீர் டிரம்மை அடிக்கிறான். தமிழன்றி வேறெம்மொழி குழந்தையின் மாதங்களை இப்படி எண்ணி எண்ணிப் பாடியிருக்கும் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆயினும் ஒரு சந்தேகம். புலவர்கள் அத்தனை பேரும் தாயாகி நின்று பாடினார்களே, அவர்களில் ஒருவராவது சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடியிருப்பாரா? நிலவைக் கூப்பிடும் அம்புலிப் பருவத்தில் இருக்கும் குளிர்ச்சியைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த நீல டிரம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் அது இல்லாத வீடு அரிது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது ஊரே குடத்தோடு நின்றதை நாம் மறக்கவில்லை. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்திறன் உடையது. அப்படியிருந்தும் வந்த தண்ணீரைப் பிடித்து வைக்கிற பழக்கம் போகவில்லை, போகவும் போகாது. நீரில் மூழ்கி இறப்போரில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் விகிதமே மிக அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடலும் ஆறும் வேண்டியதில்லை. தலை கனத்துக் கவிழ்ந்த பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீர் போதும். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு குழந்தை அப்படிக் கவிழ்ந்தது. எதிர்வீட்டு அக்கா காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்ததால் பிழைத்தது. அவர் அன்று துணி துவைக்காமல் இருந்திருந்தால்? ‘தெருவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்’ என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமை அன்று ஒரு கொடிக்கயிற்றில் தொங்கியது.

வெயிலுக்கு வருகிறேன். கோடைத் தொடக்கத்தில் எங்கள் பகுதிக்கு ஓர் ஆறுதல் உண்டு, அது கடற்காற்று. தரை விரைவாகச் சூடேறும், கடல் மெல்லச் சூடேறும். தரைமேல் உள்ள காற்று இலேசாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடற்பக்கத்துக் காற்று வந்து புகும். பங்குனி, சித்திரையில் பெரும்பாலும் நண்பகலுக்குள் வந்துவிடும். அது வந்த கணத்தில் பையன் கண்ணைக் கசக்குவான். தூளியில் போட்டால் பத்து நிமிடத்தில் உறக்கம். நான் படிப்பது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். கத்திரி தொடங்கிவிட்டால் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றைப் பிற்பகல் வரை உள்ளே விடாமல் தடுத்துவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இன்னொரு சங்கடமும் எங்களுக்கு உண்டு. காற்று வேண்டுமென்று சன்னலைத் திறந்தால் லாரிப் புழுதியும் ஆலை நெடியும் உள்ளே வரும். மூடினால் பிள்ளை வெந்துபோகும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் வீதிக்கு வந்தார்களே, அதிலிருந்து சன்னல் என்றாலே எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு இரண்டு மனம்.

பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். வியர்த்துக் குளிரும் ஆற்றல் குறைவு. தாகம் என்று சொல்லவும் தெரியாது. ஆகவே ஒருவர் அருகிலேயே இருந்து, அரைமணிக்கு ஒரு தரம் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்து, மூத்திரம் போகிறதா, அது அடர்ந்த மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சமையல் நடுவே ஒரு பார்வை, படிப்பு நடுவே ஒரு பார்வை என்று செய்யக்கூடியதன்று இது. முழுநேர வேலை. 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் குழந்தை, முதியோர் முதலியவரைப் பேணும் வேலையில் ஈடுபடுவோர் அதற்குச் செலவிடும் நேரம் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம் என்று கண்டார்கள். 134 நிமிடம்! எங்கள் பையனுக்கு அது பத்து மணி வரைக்கும்கூடப் போதாது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பிள்ளையையும் பார்க்கிறவளின் நேரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 2017இல் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்லது, 26 வாரம் என்பது ஆறு மாதம். மறுபக்கம், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் குழந்தைகள் மையத்துக்கு ஒரு புது உயிர் கொடுத்தது. அன்றும் கணக்கு இரண்டு வயதிலிருந்துதான். இன்றும் அங்கன்வாடியில் பிள்ளையை உட்காரவைப்பது இரண்டு வயது நிறைந்த பிறகே. அதற்குக் கீழுள்ள பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மாவு கிடைக்கிறது, அதைக் கரைத்து ஊட்ட ஆள்?

ஆறு மாதத்தில் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வயதில்தான் அங்கன்வாடிக் கதவு திறக்கும். நடுவே பதினெட்டு மாதம். பிள்ளைத்தமிழின் கணக்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள். தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்ற எட்டுப் பருவங்களும் அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தவழ்வது, எழுவது, விழுவது, கண்டதை வாயில் போடுவது, டிரம்மை எட்டிப் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். எந்தப் பருவத்தைத் தமிழ் விடாமல் பாடியதோ அந்தப் பருவத்தையே நம் ஏற்பாடுகள் விட்டுவிட்டன.

இந்த இடைவெளியைக் கண்டவர் உலகில் நான் முதல் ஆள் அல்லள். பாரிசு நகரில் ஃபிர்மின் மார்போ என்பவர் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்தார். அவையும் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அப்படியானால் வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தை அதுவரை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1844இல் பிறந்ததுதான் கிரெஷ் என்ற காப்பகம். நூற்றெண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதே கேள்வியைக் காலடிப்பேட்டையில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்திலும் காப்பகம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண் 30 ஆகக் குறைந்தது. பெண்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். துறைமுகமும் அனல் மின் நிலையமும் டயர் ஆலையும் லாரி ஆலையும் நிறைந்த வடசென்னையில் வாயிலுக்குள் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆயிரம் தந்தையர் வேலை செய்யும் ஆலையில் ஒரு குழந்தைக்கும் இடம் தேவையில்லை என்பதுதானே இதன் பொருள்? பெண்களோ காசிமேட்டு மீன் ஏலத்திலும், இறால் உரிக்கும் கொட்டகையிலும், பிறர் வீட்டு அடுப்படியிலும், இட்லிக் கடையிலும், ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களை முப்பது என்று எண்ண எந்த வாயிலும் இல்லை. 2017 திருத்தம் ஆண், பெண் பாராமல் 50 பேர் உள்ள நிறுவனம் என்று மாற்றியது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்த ஐம்பதையே வைத்துக்கொண்டிருக்கிறது. சொல்லளவில் முன்னேற்றம்தான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிற மீன்காரம்மா எந்த ஐம்பதில் சேருவார்?

ஆண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் அண்ணனுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். இரவு ஷிப்டு வாரத்தில் காலை எட்டு மணிக்கு வந்து, பையனை மார்பில் போட்டுக்கொண்டு படுப்பார். அவர் உறங்குவார், பையன் அவர் மூக்கில் விரல் விடுவான். இதற்குப் பெயர் பார்த்துக்கொள்வது அன்று என்பது என் கட்சி. இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் எங்கள் எல்லாரையும்விட அவர் கை சுத்தம். ஒரு நாள் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனபோது, “இன்னாப்பா, பொண்டாட்டி வேலைக்குப் போவ நீ புள்ள தூக்கினு நிக்கிற?” என்று ஒருவர் கேலி செய்தாராம். “எம்புள்ளதானே, வேற யாரு தூக்குவா?” என்றாராம் அண்ணன். பெரிய புரட்சி அல்ல. ஆனால் அதன் பிறகு எங்கள் தெருவில் வேறு இரண்டு பேர் தைரியமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வருகிறார்கள்.

பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, காப்பகம் என்பது மேல்நாட்டுப் பழக்கம், பாட்டி மடி இருக்கையில் அது எதற்கு என்றார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எனினும் இதில் உடன்பட முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் மடியை விரித்துக்கொண்டு திண்ணையில் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் பாட்டியாகி, விடியலில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் பாத்திரம் தேய்க்கிறார்கள். பாட்டி மடி காலியாக இருக்கிறது என்று யார் சொன்னது? பாட்டி இல்லாத இடத்தில் அத்தை, சித்தி, அக்கா என்று அடுத்த பெண்ணைத்தான் கூப்பிடுகிறோம். பக்கத்துத் தெருவில் ஒருத்தி பிளஸ் டூ முடித்து ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் அக்காவுக்கு ஒன்றரை வயதில் பெண்குழந்தை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாய் அவளைக் கல்லூரிப் பக்கம் இழுத்தது. அந்தக் குழந்தை வீட்டுப் பக்கம் இழுத்தது. இரண்டாம் பருவத்தில் வருகை குறைந்தது, தேர்வு எழுத முடியவில்லை, நின்றுவிட்டாள். அக்கா வேலையை விட்டால் வாடகை நிற்கும். யாரைக் குற்றம் சொல்வீர்கள்? குழந்தையையா?

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டபோது, வீட்டு வேலைக்கும் மதிப்புண்டு என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வழியில் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பிள்ளை இருக்கும் தெருவில் காப்பகம் வேண்டும். ஆலை வாயிலில் தாயை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். தில்லியில் 1969இல் மீரா மகாதேவன் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே காப்பகத்தைக் கொண்டுபோனார். மொபைல் கிரெஷஸ் அப்படித் தொடங்கியதுதான். ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்ளும் பால்னா என்ற மத்தியத் திட்டம் 2022இல் வந்தது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைப்பது அதன் நோக்கம். எங்கள் தெருவில் நான் விசாரித்த வரையில் அந்தப் பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் தலையிலேயே இதையும் கட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் சுமை ஏற்கெனவே பெரிது. மே மாத வெயிலில் அவர்களுக்குச் சில நாள் விடுமுறை வேண்டியது நியாயம். இந்த வேலைக்குத் தனியே ஆள் போட வேண்டும், தனியே சம்பளம் கொடுக்க வேண்டும். நேரமும் ஊருக்கு ஏற்றபடி அமைய வேண்டும்: காசிமேட்டில் விடியற்காலை தொடங்க வேண்டும், எங்கள் பக்கம் இரவு ஏழரை வரை நீள வேண்டும். பிற்பகலோடு பூட்டிவிடும் காப்பகத்தால் அண்ணிக்கு என்ன பயன்?

அரசு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்பதும் அழகன்று. நம் கல்லூரியில் ஆசிரியர், அலுவலர் சேர்ந்தால் ஐம்பதைத் தாண்டும். ஆசிரியர் அறையில் ‘இன்று பிள்ளையைப் பார்க்க ஆள் வரவில்லை’ என்ற பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். மாணவியரில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எனக்குத் தெரிந்து மூவர். ஒருவர் நடுவே பால் கட்டிக்கொண்டு மூன்றாம் மணிநேரத்திலேயே வீடு திரும்புவார். பழைய சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் அறை ஒன்று இருக்கிறது. ஓட்டுக்கூரை, ஷீட்டுக் கூரை அல்ல. குழாய் பத்தடி தூரத்தில். பெஞ்சுகளை வெளியேற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தால் எட்டுக் குழந்தைகள் தாராளமாக இருக்கலாம். ஒரு ஆயாவுக்கும் ஒரு உதவியாளருக்கும் சம்பளத்துக்கு வழி காண வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் ஜூலையில் வருகிறது, அதற்கான மனுவை வகுப்புத் தோழியர் இருவரும் நானும் எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்திட விரும்புவோர் பொருளியல் துறைக்கு வரலாம். மாணவர்களும் வரலாம், மாணவியர் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அறையை நான் போய்ப் பார்த்துவிட்டேன். கிழக்குப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. கதவு துருப்பிடித்து மூடிக் கிடக்கிறது, எண்ணெய் விட்டால் திறக்கும்.